ராமானுஜனின் ஜன்னலும் நம் லைன் வீடுகளும்

விடிவதற்கு முன்பே ஒண்டிக்கடையில் கூடிவிட்டோம். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பதினொரு பேர், நாங்கள் மூன்று பேர். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். மலையாளிப் பழங்குடி ஊர்களிலிருந்து நான்கு பேர். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் பேருந்து மாறி, கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்க்கப் போனோம்.

ஏன் அங்கே என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். "அக்ரஹாரத்து மேதையைக் கொண்டாட நாம எதுக்கு?" என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் கணக்கில் கெட்டி. ராமானுஜனைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். யாரிடமும் படிக்காமல் தானே கற்றவர், ஏழை, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் என்றுதான் அவர்களுக்கு அவரைத் தெரியும். அந்த 'தானே கற்றவர்' என்ற சொல்லை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

வீடு சின்னதுதான். ஓட்டு வீடு, குறுகிய முகப்பு, திண்ணை. உள்ளே நுழைந்ததும் ஒரு சிறிய அறை, அதில் ஒரு கட்டில், தெருவைப் பார்த்த ஜன்னல். பின்னால் சமையலறை, பாத்திரங்கள், கொல்லையில் கிணறு. 2003ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இந்த வீட்டை வாங்கிச் சீர்செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நன்றாகவே பராமரிக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. நினைவிடம் என்ற பெயரில் பளிங்கு மாளிகை எழுப்பாமல், ஒரு சாரி கடைக் குமாஸ்தாவின் குடும்பம் எப்படி வாழ்ந்ததோ அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த ஜன்னல் ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றார்கள்.

வெளியே வந்து திண்ணை பக்கத்தில் நின்றபோது பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கேட்டாள். "அண்ணா, அவரு இங்க உக்காந்து கணக்குப் போட்டப்ப, நம்மள இந்தத் தெருவுக்குள்ள விட்டிருப்பாங்களா?"

எங்களிடம் உடனடியாகப் பதில் இல்லை என்று சொன்னால் பொய். பதில் தெரியும், சொல்ல நா எழவில்லை. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் 1924ல் கொண்டுவர வேண்டியிருந்தது. ராமானுஜன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து! தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட மாகாணம் இது. கோயில் கோபுரத்தை முட்டி நிற்கும் சன்னதித் தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ராமானுஜனின் வறுமை பொய்யல்ல. தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர். பட்டினி கிடந்தவர். அவர் அறிவு யாருடைய தயவிலும் வந்ததல்ல. அவரைச் சிறுமைப்படுத்தி நமக்கு ஆகப்போவது எதுவும் இல்லை, அது நம் வேலையும் அல்ல. ஆனால் வறுமையும் தீண்டாமையும் ஒன்றல்ல. வயிறு காய்ந்தவனுக்கும் சில கதவுகள் திறந்திருக்கும். அந்தக் கதவுகளை எண்ணிப் பார்த்தால்தான் 'தானே கற்றவர்' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியும்.

எண்ணிப் பாருங்கள். செலவைச் சமாளிக்க அந்தச் சின்ன வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து சிறுவன் ராமானுஜனுக்குக் கல்லூரிக் கணக்கு கிடைத்தது. வீட்டுக்குள் வந்து தங்கும் மாணவன் எந்தச் சாதியாக இருந்திருப்பான்? பதினாறு வயதுவாக்கில் கல்லூரி நூலகத்திலிருந்து கார் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் நண்பர் மூலம் கைக்கு வந்தது. அந்த ஒரு புத்தகம்தான் அவரைத் திருப்பிப் போட்டது என்று எல்லா வாழ்க்கை வரலாறுகளும் சொல்கின்றன. 1910ல் வேலை கேட்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், இவரைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆக்குவது பாவம் என்று கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து சேஷு ஐயர், அவர் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பிறகு 1912ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் ஒரு கணிதக்காரர். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம் போனது.

எங்கள் சமூகவியல் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், பண்பாட்டு மூலதனம் என்று. பெயரெல்லாம் பரீட்சைக்கு. நம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அந்த நோட்டுப் புத்தகம் போய்க்கொண்டே இருந்தது. எந்தக் கையும் 'தீட்டு' என்று அதைத் தொட மறுக்கவில்லை.

இன்னொன்று. இதைத்தான் நாங்கள் பிள்ளைகளிடம் அதிக நேரம் பேசினோம். ராமானுஜன் பரீட்சையில் தோற்றவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை பறிபோனது. பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேர்வு தேறவில்லை. கணக்கு வரும், மற்றது வராது. ஆனால் 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலையே இல்லாதவருக்கு விதியை வளைத்துக் கொடுத்தார்கள்.

அது சரியான முடிவு. நூற்றுக்கு நூறு சரி. ஒரு பல்கலைக்கழகம் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று என்றுகூடச் சொல்லலாம். ஒரு மனிதனின் திறமைக்கும் ஒரு பரீட்சையின் மதிப்பெண்ணுக்கும் இடையில் இருக்கிற பள்ளத்தைப் பார்த்து, அதன்மேல் பாலம் போட்டார்கள். இடஒதுக்கீடு செய்வதும் அந்தப் பாலத்தைத்தான். பிறகு ஏன் ராமானுஜன் படத்தை மாட்டியிருக்கும் அதே நிறுவனங்களின் நடைக்கூடங்களில் 'தகுதி செத்துவிட்டது' என்று முணுமுணுக்கிறார்கள்? 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவுக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வின் பெயரால் கதவு மூடப்பட்டபோது, 1913ன் அந்தப் பெருந்தன்மை யாருக்கும் நினைவு வரவில்லையே.

அதே 1913ல் இன்னொரு இளைஞரும் கல்வி உதவித்தொகையோடு கடல் தாண்டினார். பரோடா மன்னர் கொடுத்த உதவியில் ஜூலை மாதம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர். ராமானுஜன் கப்பலேறியது 1914 மார்ச்சில். இருவரும் திரும்பி வந்த கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், தோழர்களே.

அம்பேத்கர் 1917ல் பரோடாவுக்கு வேலையில் சேர வந்தார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். சில நாளில் தடியோடு ஒரு கும்பல் வந்து வெளியேறச் சொன்னது. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த மனிதர் பூங்காவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ராமானுஜன் 1919ல் நோயோடு திரும்பினார். பல்கலைக்கழக உதவித்தொகை காத்திருந்தது. சென்னையில் தங்க நல்ல வீடுகள் கிடைத்தன. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். ஆனால் கடல் தாண்டிய தீட்டுக்குப் பரிகாரம் செய்யவில்லை என்று வைதீக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் அவர்! சாதி தன் சொந்தப் பிள்ளையின் பிணத்துக்கும் கணக்குப் பார்க்கும். வயது பத்தைத் தாண்டுவதற்குள் அவருக்குக் கட்டிவைக்கப்பட்ட ஜானகி அம்மாளின் கதை இன்னும் நீளம். எழுபதாண்டுக்கும் மேலாக விதவையாக வாழ்ந்து, திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்தவர். என் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் அவர் கேட்ட பிறகுதான் வெளிநாட்டுக் கணிதவியலாளர்கள் பணம் திரட்டிச் சிலை செய்தார்கள். அவர் தைத்த வீட்டை யாரும் நினைவிடம் ஆக்கவில்லை.

எந்த வீடு நிற்கும், எந்த வீடு விழும் என்பது தற்செயல் அல்ல. ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அதே ஆண்டுகளில், அதே சென்னையில், ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழை நடத்திக்கொண்டிருந்தார். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கியது. சித்த மருத்துவர், மொழியறிஞர், இந்த நாட்டின் வரலாற்றையே திருப்பி வாசித்தவர். ராமானுஜன் கப்பலேறிய இரண்டு மாதத்துக்குள் 1914 மே மாதம் இறந்தார். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. 2023ல் கிண்டியில் மணிமண்டபமும் திறந்தார்கள். நூறாண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த மரியாதை, மகிழ்ச்சிதான். ஆனால் மணிமண்டபம் புதிதாகக் கட்டுவது. அங்கே ஜன்னல் ஓரம் நின்று, இங்கேதானே அவர் எழுதினார் என்று ஒரு பிள்ளை தொட்டுப் பார்க்க முடியாது.

லண்டனில் அம்பேத்கர் 1921-22ல் தங்கிய கிங் ஹென்றிஸ் சாலை 10ஆம் எண் வீட்டை மகாராஷ்டிர அரசு 2015ல் வாங்கியது. அருங்காட்சியகமாக நடத்த அங்கிருந்த உள்ளாட்சி அனுமதி மறுத்தது. 2020ல்தான் பிரிட்டன் அரசு அனுமதி கொடுத்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், விடுதி அறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித் வெமுலாவும் தோழர்களும் தங்கிய 'வெலிவாடா'வை 2019ல் அகற்றிவிட்டார்கள். ரோகித் கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். அவருக்குக் கடைசியில் மிஞ்சிய 'வீடு' அந்தத் திறந்தவெளிப் பந்தல். அதையும் விட்டுவைக்கவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்தார். அவர் காலத்து கிரேஞ்ச் பங்களாவைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். அந்தக் காபியை நட்டவர், பறித்தவர், சுமந்து இறக்கியவர் குடியிருந்த லைன் வீட்டை எந்தக் கையேடும் சொல்லாது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று விதித்தது. ஓர் அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு வாசல். அந்த ஓர் அறைக்குள் ஆறு பேர் தூங்கும்போது விளக்குப் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் எங்கிருந்து வரும்? எந்தச் செடி எந்த மழையில் பூக்கும், எது விஷக்கடிக்கு ஆகும் என்று தெரிந்த மலையாளிப் பெரியவர்களும் 'தானே கற்றவர்கள்'தான். அவர்கள் நோட்டுப் புத்தகத்தைக் கைமாற்றிவிட எந்த டெபுடி கலெக்டரும் வரவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் கணக்கில் கெட்டியான பையன் ஒரு விஷயம் சொன்னான். அவன் இருக்கும் லைனில் கடைசி வீட்டில்தான் அந்த எஸ்டேட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கிய அக்கா படித்தாராம். சுவரில் அவர் கரியால் எழுதிய வாய்ப்பாடு இன்னும் இருக்கிறதாம், வெள்ளையடிக்க அவர் பாட்டி விடவில்லையாம். அந்த லைனை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். சுற்றுலாக் குடில் கட்டப்போவதாகப் பேச்சு. குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு எங்கே என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் இல்லை. முதல் சண்டை அதற்குத்தான், அதில் குழப்பம் வேண்டாம்.

கூடவே இதையும் செய்கிறோம். அந்த லைனின் ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைபடம் போடுவது, படம் எடுப்பது, பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்வது, அந்த வாய்ப்பாட்டுச் சுவரை முழுதாகப் படியெடுப்பது. கட்டடக்கலை படிக்கும் தம்பி, தங்கைகள் யாராவது இதைப் படித்தால் உடனே உதவிக்கு வாருங்கள். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒண்டிக்கடையில் நிற்போம். நீளமான அளவு டேப் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.