கூரைக் காசு ஆவணிக்குள் வரவேண்டும்

ஓமந்தையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு திருத்துபவர்கள் பலர் தை பிறப்பதற்குள் வேலையை முடித்துப் பால் காய்ச்ச நினைக்கிறார்கள். மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதும் அவசரத்தைக் கூட்டுகிறது. அதனால் கார்த்திகையில் ஓடு இறக்கி, தறப்பாளின் கீழ் குடும்பம் படுக்கிறது. வன்னியில் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத காலம் இல்லை.

அந்த உறவினர் பலர் வாழும் கனடாவில் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்களில் கொங்கிறீற்றைப் போர்வையால் மூடிச் சூடு காக்கிறார்கள். சீமெந்து இறுகும் வேகம் குளிரில் குறைந்துவிடும் என்பதே காரணம். வவுனியாவில் மார்கழி இரவும் 20 பாகை அளவில்தான் நிற்கிறது. இங்கே வேலையைக் கெடுப்பது வடகீழ்ப் பருவமழையின் ஈரம்.

மழையில் நனைந்த சீமெந்துக் கல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அந்தச் சுவருக்குப் பூச்சுப் போட்டு, அது காயும் முன்னே பெயின்ற் அடித்தால் சில மாதங்களில் பொருமி உரியும். நனைந்த மணலில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால், மேசன் வழக்கமான அளவு தண்ணீரை விட்டால் கலவை இளகிப் பலம் குறையும். நிலத்தில் அடுக்கிய சீமெந்துப் பை ஈரம் ஏறிக் கட்டிபட்டுவிடும். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு பை சீமெந்து போவதே பெரும்பாடு. இன்று தடையில்லை, விலைதான் எட்டவில்லை. ஒரு பையும் வீணாகக்கூடாது.

குளிரையும் சாதாரணமாக எண்ணமுடியாது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் அடித்த குளிர்காற்றாலும் மழையாலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அப்படியான ஓர் இரவில் கூரையில்லாத வீட்டில் குழந்தையையும் முதியவரையும் வைத்திருப்பது ஆபத்து.

கூரை ஏற்கெனவே மூடியிருந்தால் மழைக்காலத்திலும் உள்வேலை செய்யலாம். நிலத்துக்குப் போட்ட கொங்கிறீற்றை ஒரு கிழமை காயாமல் வைத்திருப்பது அப்போது சுலபம். கதவு, யன்னல், மின்சார வேலைகளும் நடக்கும். வெளிப்பூச்சும் பெயின்றும் மாசி வெயிலுக்குக் காத்திருக்கட்டும்.

வன்னியின் வேளாண்மையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. காலபோக நெல் தைக் கடைசியிலும் மாசியிலும் அறுவடையாகிறது. கையில் காசு புரளும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

உதவித் திட்டங்களின் கணக்கு இப்படி அமைவதில்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதுவீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. வீட்டை மக்களே கட்டினார்கள். அந்த வீடுகள் பத்து ஆண்டுகளைத் தாண்டித் திருத்த வேலைக்கு வந்து நிற்கின்றன. அரச நிதியாண்டோ டிசெம்பர் 31இல் முடிகிறது. ஆண்டுக் கடைசியில் தவணை கிடைக்கும் குடும்பம் மழைக்குள்ளேதான் ஓட்டை இறக்கவேண்டும்.

பிரதேச செயலகங்களும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் தவணைகளை மழையின் நாட்காட்டியைப் பார்த்து வகுக்கவேண்டும். ஓட்டுக்கும் சீற்றுக்குமான காசு ஆவணி முடிவதற்குள் மக்களின் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். வெளிநாட்டு உறவுகளும் உதவிப் பணத்தை மார்கழிப் பயணத்தோடு கொண்டுவராமல் ஆடியிலேயே அனுப்பிவைக்கட்டும்.