கட்டெறும்புக்குக் கண்ணாடி வீடு

வீட்டில் மீன் தொட்டி வைப்பது போல எறும்பு வளர்ப்பதும் இன்று பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது. ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் கொஞ்சம் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, உள்ளே ஓர் இராணி எறும்பு. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. ‘இராணி எறும்பு எங்கே சார் விலைக்குக் கிடைக்கும்?’ என்று பள்ளிகளில் பேசப் போகும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்.

எறும்பு வளர்க்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் விலைக்கு வாங்கி அல்ல, வெளியூர் எறும்பை அல்ல, மாதக்கணக்கிலும் அல்ல. இயற்பியல் சொல்லிக் கொடுப்பவனுக்கு எறும்பு விஷயத்தில் என்ன கட்சி என்று நீங்கள் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள், இயற்பியல் வந்து சேரும்.

ஆத்தங்குடிப் பக்கம் செம்மண் வேலியோரமாகக் காலையில் நடந்து பாருங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கறுப்பு எறும்பு தன்னந்தனியாக விரைந்து போகும். சாரை சாரையாகப் போகும் பழக்கம் அதற்கு இல்லை. பெரிய கறுப்பு எறும்பு எதுவானாலும் நாம் கட்டெறும்பு என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் இருக்கின்றன. உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு நோக்குங்கள். உடலெங்கும் கைரேகை போல நுண்ணிய வரிகள் வளைந்து ஓடினால், இடுப்புக் கணுவின் மேல் இரண்டு முட்கள் நின்றால், அது டயகாமா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படுவது. இந்தியாவின் எறும்புகளுக்கு 2016இல் வெளியான பட்டியலில் இனங்களும் துணையினங்களுமாக 828 பெயர்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வாழ்க்கை முறையை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. டயகாமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் ஓரளவு கிடைத்தது. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் அன்னகிரி சுமனாவின் குழுவினர் டயகாமா இண்டிகம் என்ற இனத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

இந்த எறும்பின் முதல் விந்தை, இதற்கு இராணியே கிடையாது என்பது! வேலைக்கார எறும்புகளில் ஒன்றுதான் ஆணோடு கூடி முட்டையிடுகிறது. எது அந்த ஒன்று என்பதை முடிவு செய்வது, மார்பின் மேல் இறகு முளைக்க வேண்டிய இடத்தில் இருக்கும் இரண்டு சிறு மொட்டுகள். கூட்டைவிட்டு வெளிவரும் ஒவ்வோர் எறும்புக்கும் அவை இருக்கும். ஆனால் பல டயகாமா இனங்களில், முட்டையிடும் எறும்பு புதிதாகப் பிறந்தவற்றின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடுகிறது. மொட்டு இழந்தது பிறகு ஆணோடு கூடுவதில்லை. ஆயுள் முழுவதும் வேலைதான். 1989இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். நீலகிரியில் வாழும் ஒருவகை டயகாமாவிலோ மொட்டுகளைக் கடிக்கும் வழக்கமே இல்லை. அங்கே சண்டையிட்டு அதட்டியே ஒன்று மற்றவற்றை அடக்கி வைக்கிறது. நம் ஊர் வேலியோரத்து எறும்பு எந்தக் கட்சி? நீங்கள் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வி இது.

இராணியைக் குழாயில் அடைத்து விற்பவனுக்கு இப்படிப்பட்ட எறும்பால் இலாபம் இல்லை. அவன் நாடுவது வேறு. 2025 ஏப்ரலில் கென்யாவில் பெல்ஜியம் நாட்டு இளைஞர் இருவர் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க அறுவடை எறும்பின் இராணிகள். பஞ்சு வைத்த குழாய்களில் அடைக்கப்பட்டிருந்தன. மே மாதம் நீதிமன்றம் பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், தவறினால் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தது. எறும்புக்கா இவ்வளவு என்று தோன்றும். ஒவ்வோர் இராணியும் ஒரு குடியிருப்பின் வித்து அல்லவா? 5,000 வித்துகளை ஒரு நிலத்திலிருந்து எடுத்துப் போனால் அந்த நிலம் என்ன ஆகும்?

போய்ச் சேரும் இடத்தின் கதி இன்னும் மோசமாகலாம். இதற்குக் கென்யா வரை போக வேண்டியதில்லை. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், கரந்தமலைக் காட்டை ஒட்டிய ஊர்களில் மஞ்சள் நிற எறும்புகள் படையெடுத்தன. ஆடு மாடுகளின் கண்களைத் தாக்கின. கால் வைக்கும் இடமெல்லாம் மொய்த்தன. சிலர் வீட்டைவிட்டே வெளியேறினார்கள். அது உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறின் பட்டியலில் இடம்பெற்ற எறும்பு. கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுகளைப் பெருந்திரளாகக் கொன்றதும் இதுவே. சரக்கோடும் மண்ணோடும் மனிதன் அறியாமல் சுமந்து போனதால் அது கடல்கள் தாண்டிப் பரவியது. அறியாமல் சுமந்ததற்கே இந்த விளைவு என்றால், காசு கொடுத்து அஞ்சலில் வரவழைப்பதை என்னவென்று சொல்வது? குழாய் உடைந்து ஓடிப்போன எறும்பைத் திரும்பப் பிடிக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

அப்படியானால் வளர்க்கவே வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அதையும் நான் ஏற்க மாட்டேன். இங்கிலாந்தின் ஜான் லபக் என்பவர் வங்கி முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர். ஓய்வு நேரத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்பு வளர்த்தார். நிறமாலையின் ஊதா முனைக்கு அப்பால், நம் கண்ணுக்கு இருட்டாகத் தோன்றும் இடத்தில் எறும்புக் குஞ்சுகளை வைத்தார். எறும்புகளோ வெயிலில் வைத்ததுபோலப் பதறி அவற்றைத் தூக்கிச் சென்றன. சிவப்பொளியில் வைத்தால் கவலைப்படவில்லை. எறும்பு புற ஊதாக் கதிரைக் காண்கிறது என்பது இப்படித்தான் தெரிய வந்தது. 1882இல் அவர் எழுதிய நூலில் இது இருக்கிறது. வெளியில் நின்று புற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கண்டிருக்க முடியாது.

கண்ணாடியும் சிமெண்டும் ஆத்தங்குடிக்காரர்களுக்குப் புதிதல்ல. உங்கள் ஊர்த் தரைக்கல் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கப்படுகிறது; அதன் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. அந்தக் கல்லின் அடிப்பக்கம் சொரசொரப்பானது, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரற்கடைப் பள்ளமும், பக்கத்தில் ஒரு வாசலும் விட்டு ஒரு துண்டு வார்த்துத் தரச் சொல்லுங்கள். புதுச் சிமெண்டில் காரம் இருக்கும். பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிக் கழுவி எடுங்கள். மேலே கண்ணாடி, அதன்மேல் சிவப்புத் தாள். பெரும்பாலான எறும்புகளுக்குச் சிவப்பு இருட்டு மாதிரி, உங்களுக்கோ வெளிச்சம். பலகாரத் தூக்கில் எறும்பு ஏறாமல் இருக்க ஆச்சி அதைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, அதே தண்ணீர்த் தட்டில் இந்தக் கூட்டை வையுங்கள். அங்கே எறும்பு உள்ளே போகாமல் தடுத்த நீர் இங்கே வெளியே வராமல் தடுக்கும்.

புற்றைத் தோண்டாதீர்கள். இரை தேடி வெளியே வரும் எறும்புகளில் இருபதை மட்டும், ஒரே வாசலில் இருந்து, டப்பாவால் மூடிப் பிடியுங்கள். கையால் தொட வேண்டாம்; இதற்குக் கொடுக்கு உண்டு, கடுமையாக வலிக்கும். பூச்சிக்கடி ஒத்துக்கொள்ளாதவர்கள் அருகே போகவே வேண்டாம். உணவுக்குக் கறையான் நாலைந்து போதும். இரண்டொரு நாள் கழித்துச் சிவப்புத் தாளை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருட்டான இன்னொரு கூட்டை வையுங்கள். வழி கண்ட எறும்பு திரும்பி வந்து ஒரே ஒரு தோழியை அழைத்துப் போகக்கூடும். பின்னால் வருவது உணர்கொம்பால் முன்னதன் முதுகைத் தட்டிக்கொண்டே வரும். தட்டுவது நின்றால் முன்னது நின்று காத்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் குடிபெயர்வதைத்தான் கொல்கத்தா ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். உங்களுக்கு ஒரு கைக்கடிகாரமும் அளவுகோலும் போதும்.

ஆனால் இந்த எறும்பின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனத்தை எந்தக் கண்ணாடி வீடும் காட்டாது. நான் பத்து நாளுக்கு மேல் வேண்டாம் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். டயகாமா தன் வாசலைச் சுற்றிப் பறவை இறகுகளையும் செத்த எறும்புகளின் உடல்களையும் கொண்டு வந்து வைப்பதுண்டு. குப்பை என்றுதான் நினைப்போம். 1985இல் மார்க் மாஃபெட் என்ற அமெரிக்கர் நம் நாட்டு டயகாமாவைப் பற்றி எழுதினார்: விடியற்காலையில் அந்த இறகுகளில் பனித்துளி கோத்து நிற்கிறது, எறும்புகள் அந்தத் துளிகளை எடுத்துப் போகின்றன!

வந்துவிட்டதா இயற்பியல்? தெளிந்த இரவில் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி வீசிக் குளிர்கிறது. மண்ணுக்கு அடியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். மெல்லிய இறகுக்கு அந்த வரவு இல்லை. ஆகவே மண்ணுக்கு முன்னால் இறகு பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அதில் படிகிறது. செட்டிநாட்டு வீடுகளில் கூரை நீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மழையில்லாத நாளில் எறும்பு வைத்த அண்டா இது. பஞ்சடைத்த குழாயில் எப்போதும் தண்ணீர், மேலே வானமும் இல்லை. அங்கே இறகு எதற்கு?

மார்கழி, தை மாதங்களில் வேலியோரத்து வாசல்களை எண்ணுங்கள். எத்தனையில் இறகு உண்டு? மேகம் மூடிய இரவுக்கு அடுத்த காலையில் துளி இருக்கிறதா? மழைக்காலத்தில் இறகுகள் குறைகின்றனவா? இவற்றைக் கேட்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஐந்தரை மணிக்கு எழுந்தால் போதும்.

கண்ணாடி வீட்டு எறும்புகளைப் பத்தாம் நாள் அதே வாசலில் கொண்டு போய் விடுங்கள். உள்ளேயிருந்து வருபவை உணர்கொம்பால் தட்டி விசாரிக்கும். உடனே வழி விடுகின்றனவா, நிறுத்தி வைக்கின்றனவா, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்ட பிறகு வீடு திரும்புங்கள்.