தகரம் கேட்டால் தகரம்தான் கிடைக்கும்

தோட்டத் தொழிலாளத் தோழர்களே,

நான் உங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன் அல்ல. சம்மாந்துறைக்காரன். மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆறு வருடம் படிப்பித்தேன். வெளியாளுக்கு எங்கள் அரசியல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தேர்தலையும் எங்கள் தேர்தலையும் கிட்ட இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு வேட்பாளர் எப்படி வெல்கிறார்? காசு, போஸ்டர், மேடைப் பேச்சு என்பார்கள். தோற்றவர்களிடமும் இவையெல்லாம் இருந்தனவே! நான் கண்டது வேறு. மக்கள் எதைக் கேட்கிறார்களோ, அதைக் கொடுக்கக் கூடியவர் வெல்கிறார்.

எங்கள் பக்கம் கேட்பது, "நம்ம ஊருக்கு ஒரு எம்.பி." திகாமடுல்ல மாவட்டத்துக்கு மொத்தம் 7 ஆசனம். அதிலும் ஒன்று, முதலிடம் பெறும் கட்சிக்குப் போகும் போனஸ். சம்மாந்துறையும் கல்முனையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் தங்கள் தங்கள் ஊர் ஆளின் இலக்கத்துக்கே விருப்பு வாக்கைப் போடுகின்றன. ஆள் என்ன செய்வார் என்று கேட்பதில்லை. ஆகவே ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் வெல்கிறார். வேளாண்மைக்காரனின் நெல் விலை அப்படியே கிடக்கிறது.

உங்கள் பக்கம் என்ன? தேர்தல் கிட்ட வந்தால் லயத்துக்குக் கூரைத் தகரம் வரும். கோயிலுக்கு ஒலிபெருக்கி வரும். இளைஞர்களுக்குக் கிரிக்கெட் மட்டை வரும். தகரம் மாறியது உண்மை. தகரத்துக்குக் கீழே இருக்கிற காணிக்கு உறுதி எத்தனை பேரிடம் இருக்கிறது?

பெரிதாகக் கேட்ட காலமும் இருந்தது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரப், 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு ஆதரவு கொடுக்கக் கேட்ட விலை பாலமோ பதவியோ அல்ல. ஒரு கட்சி ஆசனம் பெற மாவட்டத்தில் எடுக்க வேண்டிய வாக்கை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கச் சொன்னார். அந்த டிசம்பரிலேயே அது அரசியலமைப்பின் 15ஆவது திருத்தமாயிற்று. அது எங்களுக்கு மட்டும் திறந்த கதவு அல்ல; சிதறி வாழும் மலையகத் தமிழருக்கும் திறந்த கதவு.

உங்கள் கதையும் அதுதான். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், வாக்கும் போயிற்று. 1986 ஜனவரியில் தோட்டம் தோட்டமாகப் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. அப்போது தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். இருந்தும் வேலையை நிறுத்தித்தான் சட்டத்தை வாங்க வேண்டியிருந்தது. இன்று உங்கள் கையில் இருக்கிற வாக்குச்சீட்டு அப்படிக் கேட்டு வாங்கியது.

"சட்டத்தைச் சோற்றில் போட்டுப் பிசைய முடியுமா? மழை ஒழுகுகிறதே சேர்" என்று ஒரு பிள்ளையின் தாய் என்னிடம் கேட்டார். நியாயம். தகரத்தை வாங்குங்கள், அது நம் வரிப்பணம். அதற்கு நன்றிக்கடனாக வாக்கைக் கொடுக்காதீர்கள். 1,000 ரூபாய் சம்பளம் எத்தனை மேடையில் முழங்கியது! 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் ஏறிய பிறகுதான் அதற்குச் சட்டப் பலம் வந்தது. வந்ததும் கொழுந்துக் கிலோவைக் கூட்டி அரைப் பேர் போட்ட தோட்டங்களும் உண்டு. அதைத் தடுக்கும் வரியை எழுதச் சொல்லி எந்த வேட்பாளரிடம் கேட்டோம்?

அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர், எந்தச் சங்கத்துக்காரர் லயத்துக்கு வந்தாலும், மாலை போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். காணி உறுதிக்கு என்ன சட்டம் கொண்டு வருவீர்கள்? ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதை யார் தீர்மானிப்பது? ஒரு வருடம் கழித்து இதே இடத்தில் வந்து கணக்குச் சொல்வீர்களா? பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். கையெழுத்துப் போட மறுப்பவருக்கு உங்கள் மூன்று விருப்பு வாக்கில் ஒன்றுகூட வேண்டாம்.

எங்கள் ஊரிலும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அங்கேயும் என்னை வெளியாள் மாதிரித்தான் பார்க்கிறார்கள்.