முகம் பார்க்கும் யந்திரமும் மை போட்டுப் பார்த்தலும்

நமது கிராமங்களில் ஒரு பண்டம் களவு போனால், நடந்ததை விசாரிக்கும் முன்பே மந்திரவாதியைக் கூட்டிவந்து வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்து வந்ததும், இன்றும் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பதும் யாவரும் அறிந்ததேயாகும். அந்த மையில் யார் முகம் தெரியும்? கேட்பாரற்ற ஓர் ஏழையின் முகமோ, சேரியில் உள்ளவன் முகமோதான் தெரியும். மிராசுதார் முகமோ, கோவில் குருக்கள் முகமோ மையில் தெரிந்ததாக நாம் கேள்விப்பட்டதேயில்லை.

இப்போது மந்திரவாதியின் இடத்திற்கு ஒரு யந்திரம் வந்திருக்கிறது. தெருவில் மாட்டிய கேமராவில் விழுந்த முகத்தை, போலீசார் சேர்த்து வைத்திருக்கும் லட்சக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, “இன்னாராக இருக்கலாம்” என்று சொல்லும் யந்திரம். தமிழ்நாட்டுப் போலீசார் 2021-ல் இதைக் கைக்கொண்டார்கள்.

யந்திரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களல்ல நாம். ரயிலையும் மின்சாரத்தையும் அச்சு யந்திரத்தையும் வரவேற்றவர்கள் நாம். ஆனால் யந்திரம் சொல்லிற்று என்பதற்காக ஒன்றை நம்புவது, சாஸ்திரம் சொல்லிற்று என்பதற்காக நம்புவதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது என்றுதான் கேட்கிறோம்.

அந்த யந்திரம் செய்வது என்ன? முகத்தின் அமைப்பை எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும் படங்களைப் பொறுக்கி வரிசையாக வைக்கிறது. உண்மைத் திருடனுடைய படம் அந்தக் குவியலில் இல்லாமலே போனாலும், இருப்பவர்களில் யார் அதிகம் ஒத்திருக்கிறாரோ அவரை அது முன்னால் நிறுத்திவிடக்கூடும். ஆகவே அது கொடுப்பது ஜாடையே தவிர சாட்சியல்ல. டில்லிப் போலீசார், 100-க்கு 80 பங்கு ஒத்திருந்தால் ஆள் பொருந்தியதாக எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2022-ல் பதில் சொன்னார்கள். 80 பங்கு ஜாடை அண்ணன் தம்பிக்குள் இருக்காதா?

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2018-ல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் களவு போயின. கேமராவில் பதிந்த மங்கலான படத்தை யந்திரத்தில் கொடுத்ததில், அது கறுப்பர் ஒருவரின் பழைய லைசென்ஸ் படத்தைக் காட்டிற்று. 2020 ஜனவரியில் மனைவி, மக்கள் கண்ணெதிரே, வீட்டு வாசலிலேயே அவருக்கு விலங்கு மாட்டினார்கள். படத்தைத் தம் முகத்தருகே பிடித்துக் காட்டி, இது தாமல்ல என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அதே நகரில் 2023-ல், நிறைகர்ப்பிணியாயிருந்த ஒரு கறுப்பர் மாதையும் இதே யந்திரத்தின் பேச்சைக் கேட்டுக் கைது செய்தார்கள். இருவர் மீதிருந்த வழக்கும் நிற்கவில்லை.

இருவரும் கறுப்பராயிருந்தது தற்செயலா? அமெரிக்க சர்க்காரின் அளவை ஸ்தாபனமே 2019-ல் 189 கணக்கு முறைகளைச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் பலவற்றில், ஆசியர், கறுப்பர் முகங்களில் ஒருவரை மற்றொருவராகத் தவறாகச் சொல்வது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்று கண்டது. யந்திரத்திற்கு ஜாதித் திமிர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் முகங்களைக் காட்டினார்களோ அதைத்தானே அது கற்கும்!

நம் நாட்டில் போலீசார் வசமுள்ள படக்குவியலில் யார் முகங்கள் நிறைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிறைக்கைதிகளில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அவர்களுடைய ஜனத்தொகைப் பங்கைக் காட்டிலும் அதிகமாக இருப்பதை சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. பிறந்த ஜாதியையே குற்றமாக்கி, குற்றப்பரம்பரைச் சட்டம் என்ற பெயரால் ஆண்பிள்ளைகளைக் கைரேகை வைக்கச் சொன்ன அக்கிரமமும், அதை எதிர்த்தவர்களை 1920-ல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றதும் நமக்கு மறந்துவிடவில்லை. அன்று ரேகை, இன்று முகம். ரேகை வைக்கக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றாவது சொல்லலாம். முகத்தை எங்கே ஒளிப்பது?

2022-ல் இயற்றிய மத்திய சட்டமோ, கைதானவர்களிடமிருந்தே படமும் அளவும் எடுத்து 75 ஆண்டு வைத்துக்கொள்ள இடங்கொடுக்கிறது. முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால் அழிக்க விதி உண்டு என்பார்கள். நம் கோர்ட்டுகளில் விடுதலை கிடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்பது வழக்காடியவர்களுக்குத் தெரியும்.

“குற்றம் செய்யாதவனுக்குப் பயமென்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். டெட்ராய்ட்டில் விலங்கு பூண்டவர் செய்த குற்றம் என்ன? அந்த நகரம் 3 லட்சம் டாலர் கொடுத்து 2024-ல் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. யந்திரத்தின் பேச்சை மாத்திரம் கொண்டு யாரையும் கைது செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. இவ்வளவும் வழக்குப் போட்டு வாதாடியதால் வந்ததேயல்லாமல், போலீசாரின் கருணையால் வந்ததல்ல.

ஆகவே நாம் கேட்பது இதுதான். யந்திரம் காட்டிய முகத்தை மாத்திரம் வைத்து ஒருவரையும் கைது செய்யக்கூடாது. யந்திரத்தை உபயோகித்திருந்தால் அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் கோர்ட்டுக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை பேரைச் சரியாகவும் எத்தனை பேரைத் தவறாகவும் காட்டிற்று என்ற கணக்கை வருஷந்தோறும் வெளியிட வேண்டும். இவற்றைச் சட்டமாகச் செய்யும்படி தோழர்கள் ஊர்தோறும் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்து, தங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.