பி.எஸ்.ஏ. ஒன்றே போதுமா?

எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் வீட்டுக்குப் போனால், சற்று நேரத்தில் பேச்சு ஓர் எண்ணில் வந்து நிற்கும். "போன தடவை எண்பது சார், இந்தத் தடவை ஒன்பதுதான்" என்பார் மகன். அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியும் இருப்பார். மீதிப் பக்கங்களை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

குடும்பங்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் சொல்லப்படுவதே அதுதான். பி.எஸ்.ஏ.வைப் பார்த்தால் போதும். குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, ஏறினால் மருந்து தோற்றுவிட்டது. மற்ற ரத்தப் பரிசோதனைகள் பழங்காலத்தவை. புதிதாக வந்திருக்கும் மரபணுப் பரிசோதனைகள் வெள்ளைக்காரர்களுக்கு ஆனவை, நமக்கு வீண் செலவு. இந்தக் கருத்து வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் வேரூன்றியிருக்கிறது. இதன் ஒவ்வொரு பகுதியும் பிழையானது என்பது என் வாதம்.

முதலில் பி.எஸ்.ஏ.வுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1986இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் பரிசோதனையை ஏற்றதே, ஏற்கெனவே நோய் உள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்குத்தான். நோயைக் கண்டுபிடிக்க உதவும் பரிசோதனையாக ஏற்றது 1994இல். அதன் வலிமைக்குச் சான்று வேண்டுமானால், பரவிய நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏழு மாத ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. 0.2 அல்லது அதற்கும் கீழே இறங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 75 மாதம். 0.2க்கு மேல் 4 வரை நின்றவர்களுக்கு 44 மாதம். 4க்கு மேலேயே இருந்தவர்களுக்கு 13 மாதம். இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் எண்ணை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. நான் மறுப்பது "ஒன்றே போதும்" என்பதை.

"குறைந்தால் நோய் அடங்கியது" என்பதை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்.ஏ. என்பது கட்டியின் எடை அல்ல. ஆண் ஹார்மோனின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் அது. ஹார்மோனை அடக்கினால் செல்லின் வளர்ச்சியும் நிற்கும், இந்தச் சுரப்பும் நிற்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடப்பதால்தான் அந்த எண்ணை நம்ப முடிகிறது. ஆனால் சிகிச்சை நீளும்போது சிலருக்குச் செல்களின் குணமே மாறிவிடுகிறது. ஹார்மோனைச் சாராமல் வளரக் கற்றுக்கொண்ட, நரம்பு-நாளமில்லாச் சுரப்பிச் செல்களை ஒத்த ஒரு வகை தலையெடுக்கும். அது பி.எஸ்.ஏ.வை அவ்வளவாகச் சுரப்பதில்லை. கல்லீரலில் புதிய கட்டிகள் இருக்கும், நோயாளி மெலிந்துகொண்டே வருவார், அறிக்கையில் பி.எஸ்.ஏ. 1.5 என்று அழகாக நிற்கும். இந்த நிலையில் குரோமோகிரானின் ஏ, என்.எஸ்.இ., சி.இ.ஏ. ஆகிய மூன்று ரத்தக் குறிகாட்டிகளும் சந்தேகத்தைக் கிளப்பும். பயாப்ஸி அதை உறுதிசெய்யும்.

இங்கே நம் ஊருக்கு மிக அவசியமான ஓர் எச்சரிக்கை உண்டு. பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை நம்மில் ஏராளமானோர் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோம். மருந்துக் கடையில் "கேஸ் மாத்திரை" என்றாலே கிடைக்கும். அவை குரோமோகிரானின் ஏ-யை நன்றாகவே உயர்த்திவிடும். சிறுநீரகப் பழுதும் உயர்த்தும். மாத்திரையைச் சொல்லாமல் ரத்தம் கொடுத்தால், இல்லாத நோய் அறிக்கையில் தெரியும். இதற்கு நேர்மாறாக, முடி கொட்டாமல் இருக்க வாங்கிச் சாப்பிடும் அதிக அளவு பயோட்டின், சில ஆய்வகக் கருவிகளில் பி.எஸ்.ஏ.வைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். சாப்பிடுவது அனைத்தையும், சத்து மாத்திரை உட்பட, மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

"ஏறினால் மருந்து தோற்றது" என்பது இதைவிடக் கெடுதல் செய்யும் நம்பிக்கை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தை அவசரப்பட்டு நிறுத்த வைத்துவிடும். டோசிடாக்சல் கீமோவின் தொடக்க வாரங்களில் சிலருக்கு பி.எஸ்.ஏ. ஏறிவிட்டுப் பிறகு இறங்கும். மடிந்துகொண்டிருக்கும் செல்கள் கொட்டுவது அது. ஆய்வுகளுக்கான சர்வதேச விதிமுறைகளை 2016இல் புதுப்பித்த வல்லுநர் குழு, முதல் 12 வாரத்து ஏற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றது. அதன் பிறகும், அடைந்த மிகக் குறைந்த அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதமும் 2 நானோகிராமும் கூடியிருக்க வேண்டும், மூன்று வாரமாவது கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஸ்கேனும் நோயாளியின் உடல்நிலையும் ஒத்துவராமல் பி.எஸ்.ஏ. ஏற்றம் ஒன்றுக்காகவே மருந்தை மாற்ற வேண்டாம் என்பதும் அந்தக் குழுவின் நிலைப்பாடு.

பி.எஸ்.ஏ. குறையாமலேயே ஆயுள் கூடலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. எலும்பில் பரவிய நோய்க்குத் தரப்படும் ரேடியம்-223 பி.எஸ்.ஏ.வைப் பெரிதாக அசைப்பதில்லை. ஆனாலும் இடைநிலை ஆயுளை 11.3 மாதத்திலிருந்து 14.9 மாதமாக உயர்த்தியது. அதன் பலனைக் காட்டியது, எலும்பின் மாற்றத்தைச் சொல்லும், நாம் புரட்டாமல் விடும் அல்கலைன் பாஸ்ஃபடேஸ்.

எண் ஏறியதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஹார்மோன் ஊசி நாள் தவறாமல் போடப்பட்டதா? மூன்று மாத ஊசி, பணமில்லாமலோ ஊருக்குப் போனதாலோ நான்காம் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப்போவது இங்கே சாதாரணம். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கும் கீழே இருந்தால்தான் ஹார்மோன் அடங்கியிருக்கிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் "ஹார்மோனுக்குக் கட்டுப்படாத நோய்" என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். விட்டுப்போன ஓர் ஊசியோடு முடிய வேண்டிய விஷயம், பல மடங்கு விலையுள்ள மருந்தில் போய் நிற்கும். ஆய்வகத்தை மாற்றினாலும் எண் மாறும். பி.எஸ்.ஏ. கருவிகளுக்கு இருவேறு அளவுத் தரங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருபது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து எடுங்கள்.

அடுத்தது, மற்ற பரிசோதனைகள் பழையவை என்ற ஏளனம். பழையவைதான். புராஸ்டேட் புற்றுநோயின் முதல் ரத்தக் குறிகாட்டி பி.எஸ்.ஏ. அல்ல, ஆசிட் பாஸ்ஃபடேஸ். பரவிய நோயில் அது உயர்கிறது என்று 1938இல் நியூயார்க்கில் காட்டினார்கள். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், விரைகளை அகற்றியதும் அந்த அளவு சரிவதைக் காட்டித்தான் இந்த நோய் ஹார்மோனால் வாழ்கிறது என்று நிறுவினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இந்தத் துறையின் அடித்தளமே இந்தப் பழைய ரத்தப் பரிசோதனையில்தான் போடப்பட்டது.

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம். கற்பனைக் கோப்புதான், ஆனால் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் பழக்கமானது. எழுபது வயதுக்காரர். ஜனவரியில் பி.எஸ்.ஏ. 210, ஆகஸ்டில் 6. தொண்ணூற்றேழு சதவீதம் குறைந்துவிட்டது என்று வீடே நிம்மதி அடைகிறது. அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தில் ஹீமோகுளோபின் 12.1இலிருந்து 9.4. அல்கலைன் பாஸ்ஃபடேஸ் 180இலிருந்து 520. எல்.டி.ஹெச். இருமடங்குக்கும் மேல். ஆல்புமின் 4இலிருந்து 3.1.

ஹார்மோன் சிகிச்சையே ஹீமோகுளோபினைச் சற்றுக் குறைக்கும், ஒரு கிராம் போனால் பதற வேண்டியதில்லை. ஆனால் 9.4 என்றால் எலும்பு மஜ்ஜைக்குள் நோய் இடம் பிடிக்கிறதா என்று கேட்டாக வேண்டும். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஏறினால், எலும்பு ஆறுவதால் ஏறுகிறது என்று சொல்லலாம். ஏழாம் மாதத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அப்போதும் அவசரம் கூடாது. வைட்டமின் டி குறைபாடு நம் நாட்டில் மிகப் பரவலானது. அதுவும் இந்த எண்ணை உயர்த்தும், கல்லீரல் கோளாறும் உயர்த்தும். ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியையும் பார்த்தால் கல்லீரலா எலும்பா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். இன்னொன்றையும் பாருங்கள்: இவருடைய பி.எஸ்.ஏ. எவ்வளவு சதவீதம் குறைந்தாலும், 4க்குக் கீழே இறங்கவில்லை. மேலே சொன்ன ஆய்வில் இவர் இருந்தால் 13 மாதக் குழுவில் இருந்திருப்பார். அந்த ஆய்வுக்குப் பிறகு நல்ல மருந்துகள் பல வந்துவிட்டன. அவற்றை இவருக்குத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்று சொல்வது இந்தப் பக்கங்கள்தான். ஹார்மோனுக்குக் கட்டுப்படாத நிலையில் ஆயுளைக் கணிக்க உலகெங்கும் பயன்படும், புள்ளியியலாளர் சூசன் ஹலாபியின் கணிப்பு அட்டவணையிலும், பி.எஸ்.ஏ.வோடு அல்கலைன் பாஸ்ஃபடேஸ், எல்.டி.ஹெச்., ஹீமோகுளோபின், ஆல்புமின் நான்கும் சேர்ந்தே இருக்கின்றன. இவை எந்த மாவட்டத் தலைநகரிலும் சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனைகள்.

இனி, ஆசியர் பற்றிய பேச்சு. இது இரு விதமாக வருகிறது: ஆசியருக்கு இந்த நோய் சாதுவானது என்று ஒன்று, மேலைநாட்டு அளவுகோலே நமக்கும் போதும் என்று மற்றொன்று. கிழக்காசிய நோயாளிகள் ஹார்மோன் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. அதை வைத்து ஆசியா முழுவதையும் அளக்கக் கூடாது.

2020இல் நேச்சர் இதழில் வந்த சீன ஆய்வு 208 நோயாளிகளின் கட்டிகளைப் படித்தது. ஃபாக்ஸ்ஏ1 என்ற மரபணுவில் மாற்றம் 41 சதவீதத்தினரிடம் இருந்தது. மேலைநாட்டுத் தொகுப்புகளில் இருப்பதைவிட இது பல மடங்கு. மேலைநாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்படும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2-ஈ.ஆர்.ஜி. இணைவு, சீன, ஜப்பானிய நோயாளிகளிடம் மிகக் குறைவு. அப்படியானால் இந்தியரும் அப்படித்தானா? வட இந்திய நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருந்தது. இந்த ஒரு குறியில் நாம் சீனர்களைவிட ஐரோப்பியருக்கு நெருக்கம். "ஆசியர்" என்று ஒரே பெட்டியில் போட்டால் நமக்கு எதுவும் விளங்காது; ஜப்பானியரிடமும் சீனரிடமும் எடுத்த தரவை மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அப்படியே பொருத்த முடியாது.

பரம்பரை மாற்றங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஹாக்ஸ்பி13 என்ற மரபணுவில் ஐரோப்பிய வம்சத்தாரிடம் காணப்படும் மாற்றம் ஜி84இ. சீனரிடம் கண்டது ஜி135இ, ஜப்பானியரிடம் வேறொன்று. முதலாவதை மட்டும் தேடும் பரிசோதனை, ஆசிய நோயாளியிடம் "ஒன்றுமில்லை" என்று தவறாகச் சொல்லிவிடும். ஜப்பானில் 7,636 நோயாளிகளிடம் எட்டு மரபணுக்களைத் தேடியபோது 2.9 சதவீதத்தினரிடம் தீங்கான மாற்றம் இருந்தது. மேலைநாட்டு ஆய்வொன்றில் 692 பேரில் 11.8 சதவீதம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆசியருக்குத் தேவையில்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. ஜப்பானில் எல்லா நிலை நோயாளிகளும் இருந்தார்கள். மற்றதில் இருந்தவர்கள் அனைவரும் நோய் பரவியவர்கள், தேடிய மரபணுக்களும் அதிகம்.

விலை உயர்ந்த திரவ பயாப்ஸியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "பி.எஸ்.ஏ. போதும்" என்பவர்கள் ஒரு பக்கம் என்றால், "இது எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்பவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைப் படிப்பது நல்ல வழிதான். எலும்பில் பயாப்ஸி எடுப்பது சிரமம். பழைய திசு கெட்டுப்போயிருக்கும். சில மரபணு மாற்றங்கள் உள்ளவர்களுக்குத் தரப்படும் ஒலபாரிப் மருந்துக்கான முதன்மை ஆய்வில் திசு கொடுத்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு முடிவே கிடைக்கவில்லை. ஆனால் ஹார்மோன் சிகிச்சை தொடங்கியதும் இந்த டி.என்.ஏ. ரத்தத்தில் வேகமாகக் குறையும். அப்போது எடுத்து "இல்லை" என்று வந்தால் அதை இல்லை என்று கொள்ளக் கூடாது. வயதானவர்களின் ரத்த அணுக்களிலேயே தோன்றும் மாற்றங்களும் குழப்பும். முற்றிய நோயாளிகள் 69 பேரைப் பார்த்த ஆய்வில் 7 பேருக்கு, கட்டியுடையது என்று தவறாகக் கொள்ளக்கூடிய மாற்றம் ரத்த அணுக்களிலிருந்து வந்திருந்தது. வெள்ளணுக்களையும் கூடவே பரிசோதித்தால் இந்தப் பிழை நீங்கும். கொடுக்கும் முன் ஆய்வகத்திடம் அதைக் கேளுங்கள்.

ஆகவே நோய் பரவியவர்களின் குடும்பத்தாரிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை போகும்போது பி.எஸ்.ஏ.வோடு டெஸ்டோஸ்டிரோன், ஹீமோகுளோபின், அல்கலைன் பாஸ்ஃபடேஸ், எல்.டி.ஹெச்., ஆல்புமின் ஆகியவற்றையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவர் முன் வையுங்கள். பி.ஆர்.சி.ஏ.2 உள்ளிட்ட பரம்பரை மரபணுக்களுக்கான ரத்தப் பரிசோதனை ஒருமுறையாவது தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்பாவிடம் அந்த மாற்றம் இருந்தால் அவருக்கு ஒலபாரிப் போன்ற மருந்துக்கு வழி திறக்கும். அவருடைய ஒவ்வொரு மகளுக்கும் அது வந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு, மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வருவதற்கு முன்பே அவர்களைக் காக்க வழியும் உண்டு.