சூழ்வாரும் சூழ்ச்சியும்

சூழ்ச்சி என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழில் ஆராய்ந்துரைக்கும் அறிவுரை என்பது பொருள். இன்றோ கரவான திட்டம். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தக் கூலிச் சூழ்வார் ஆற்றிய பணியை இங்கிலாந்திற் காண்க!

எளியார்க்கும் கட்டணமின்றி மருத்துவம் கிட்ட 1948-இல் தொடங்கப்பெற்ற பொதுமருத்துவப் பணியைச் 'சீரமைக்க', மக்கின்சி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் அறிவுரையை அரசு நாடியது. அவ்வறிவுரையுங் கலந்த 1974-ஆம் ஆண்டு மாற்றமைப்பில், 14 வட்டார ஆணையங்கள். அவற்றின்கீழ் 90 பகுதி ஆணையங்கள். அவற்றின்கீழும் மாவட்ட ஆட்சிக் குழுக்கள்! நோயாளியின் கட்டிலருகே நிற்கும் செவிலியின் குறை இத்தனை படிகளையும் ஏறியன்றோ தீர வேண்டும்? படிகள் மிகை என 1979-இல் அரச ஆணைக்குழுவே உரைத்தது. 1982-இல் பகுதி ஆணையங்கள் நீக்கப்பட்டன.

சூழ்வார்க்கு வாயிலடைத்தனரோ? இல்லை. பின்னும் அந்நிறுவனத்தையே வினவினர். பணியாளருள் பத்திலொருவரைக் குறைக்கலாமென 2009-இல் அது எழுதித் தந்தது!