நம் பிள்ளைகளின் குரலில் ஒரு கார்ட்டூன்



வேதாகமக் கார்ட்டூன்களுக்குப் பஞ்சமில்லை. கைபேசியைத் திறந்தால் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கொட்டிக் கிடக்கின்றன. அப்படியிருக்க, இன்டர்லாக்கனில் உள்ள ஒரு சிறு தமிழ்ச் சபையின் வாலிபர்கள் ஏன் சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பார்க்கிற பிள்ளை கதையை அறிந்துகொள்ளும்; குரல் கொடுத்துச் செய்கிற பிள்ளை தமிழையும் பேசப் பழகும் என்பதே எங்கள் பதில்.

வீட்டில் நாம் தமிழில் கேட்கிறோம். பிள்ளைகள் சுவிஸ் ஜெர்மனில் பதில் சொல்கிறார்கள். இன்று அது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் தாதியராக வேலை செய்யும் நாங்கள் வேறொன்றையும் பார்க்கிறோம். மறதி நோய் வந்த முதியவர்களில் பலர் பின்னாளில் பழகிய மொழியை இழந்து, சிறுவயதில் பேசிய மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். 1980களில் இங்கே வந்து ஹோட்டல் சமையலறைகளில் உழைத்த தலைமுறைக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அன்று கட்டிலருகே நிற்கும் பேரப்பிள்ளைக்கு, "தண்ணி வேணுமா அம்மம்மா?" என்றாவது கேட்கத் தெரிய வேண்டாமா?

கார்ட்டூன் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். நாம் வாழும் இந்த நாட்டிலேயே, சூரிச் மாநிலத்தின் ருசிக்கோன் என்ற ஊரில், ஒட்மார் குட்மான் களிமண் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார். 1990இல் தொலைக்காட்சிக்கு வந்த பிங்கு என்ற அந்தப் பென்குயின் உலகைச் சுற்றியது. அமெரிக்காவில் பில் விஷர் 1993இல் வெஜிடேல்ஸ் தொடரைத் தொடங்கியபோது, கைகால்களை அசைத்துக் காட்டுவது அவருடைய கணினிக்குப் பெரும்பாடாக இருந்தது. அதனால் கைகால் இல்லாத தக்காளியும் வெள்ளரிக்காயும் நாயகர்களாயின. அதே நிறுவனம் வளர்ந்து, 2002இல் யோனாவைப் பற்றி முழுநீளப் படமே எடுத்தது; மறு வருடம் திவாலானது. ஆகவே கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குவோம், சிறிதாகவே செய்வோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் பிங்குவைப் பின்பற்ற முடியாது. பிங்கு எந்த மொழியும் பேசாது. கார்லோ பொனோமி என்ற கலைஞர் கொடுத்த ஒலிகள்தான் அதன் பேச்சு. அதனால்தான் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் அது புரிந்தது. நம்முடைய கார்ட்டூனிலோ பேச்சுத்தான் முக்கியம்.

காணாமற்போன ஆட்டின் கதையை எடுப்போம். ஆடு ஹார்டர் மலைச் சரிவில் தொலையட்டும். மேய்ப்பனுக்கு ஒரு அப்பப்பா குரல் கொடுக்கட்டும், ஆடுகளுக்குப் பிள்ளைகள். முதலில் குரலைப் பதிவுசெய்து, அதன்பின் அதற்கேற்பப் படம் பிடிப்போம். ஒரு வரி சரியாக வரும்வரை பிள்ளை அதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்க்கும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கைபேசி அசையாமல் இருக்க ஒரு தாங்கி, ஒரு மேசை விளக்கு, வெளிச்சம் மாறாமலிருக்க மூடிய திரைச்சீலை, கொஞ்சம் களிமண். இவ்வளவே போதும். வினாடிக்கு 12 படங்கள் வீதம் 2 நிமிடத்துக்கு 1440 படங்கள். ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 240.

படிப்பு கெடும் என்று பெற்றோர் கவலைப்படலாம். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம்தான் கேட்கிறோம். இரவு வேலை முடித்து வரும் நாங்களும் அந்த நேரத்தைத் தருகிறோம். உங்களிடம் இன்னுமொரு வேண்டுகோள்: பிள்ளையின் வாயில் 'ழ' வராவிட்டால் சிரிக்காதீர்கள். அப்படிச் சிரித்ததால் தமிழ் பேசுவதையே விட்டுவிட்ட பிள்ளைகள் நம் சபையிலும் இருக்கிறார்கள்.

நத்தாருக்கு முன் முதல் இரண்டு நிமிடங்களைச் சபையில் போட்டுக் காட்ட விரும்புகிறோம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் பிள்ளையின் பெயரைத் தாருங்கள். அப்பப்பா, அம்மம்மாமாரின் பெயரையும் சேர்த்தே தாருங்கள்.